புறம்போக்கில் ஒரு மூடு கோரை

யாரோ கொண்டுவந்து நட்ட கோரை என்பதில் மட்டும் குற்றாலலிங்கத்துக்குச் சந்தேகம் இல்லை. தானாக முளைத்த கோரைக்கு யார் மண் அணைத்து வைப்பார்கள்? கோரை மூட்டின் அடியைச் சுற்றி விரல் தடம் வேறு பதிந்திருந்தது.

"ஏட்டி நீலா, இங்கன வா. இதைப் பாத்தியா?"

நீலாம்பாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "கோரைதானே. அதுக்கென்ன?"

"அதுக்கென்னவா? இன்னைக்குக் கோரை, நாளைக்கு வேலி, நாளைக் கழிச்சு ஓலைச்சாய்ப்பு. பெறவு வரி ரசீதைக் கொண்டாந்து நீட்டுவான். எல்லாம் அந்தச் சத்தியநேசன் வேலை."

சர்வே இலாகாவில் ஊர் ஊராக நிலம் அளந்து, தலை நரைத்து ஓய்வு பெற்றவர் குற்றாலலிங்கம். பிள்ளையார் கோயில் வாசலில் புதுச் செருப்பு கிடந்தால்கூட, எந்த எல்லைக்குள் கிடக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் கும்பிடுவார். தச்சநல்லூரில் அவர் கட்டிய வீட்டுக்கும் ஓவிய வாத்தியார் சத்தியநேசன் வீட்டுக்கும் நடுவே ஒரு பள்ளம். சர்க்கார் புறம்போக்கு. மழை பெய்தால் தெருத் தண்ணீர் மொத்தமும் அங்கேதான் வரும், லாரிப் பட்டறையின் எண்ணெயும் துணி துவைத்த நுரையுமாக. அது அப்படியே தேங்கி, சுவரோரம் இருக்கும் இவர் வீட்டுக் கிணற்றுக்குள் ஊறும். போன ஐப்பசியில் வாளித் தண்ணீரில் வானவில் தெரிந்தது.

இந்த ஐப்பசியில் மகள் சுப்ரஜா தலைப்பிரசவத்துக்கு வருகிறாள். அதனால் ஆடி மாதம் முதலே நீலாம்பாள் புலம்பிக்கொண்டிருந்தாள்.

"வாயும் வயிறுமா வார பிள்ளைக்கு இந்தத் தண்ணியவா குடுக்கது? அந்தப் பள்ளத்தை ஏதாவது செய்யுங்களேன்."

"சர்க்கார் நிலத்துல மண்வெட்டிய வச்சா என்னையில்லா பிடிப்பான்? அது சரி, திடீர்னு எதுக்கு இதைக் கேக்கே? யாரு சொல்லிக் குடுத்தா?"

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. இப்போது இந்தக் கோரை.

பிடுங்கி எறிந்தார். மறுநாள் காலையில் அதே இடத்தில் அதைவிடப் பெரிய மூடு நின்றது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

"சர்க்கார் நிலம்னு சொன்னிய?" என்றாள் நீலாம்பாள்.

"இது வெட்டுதது இல்லட்டி, தடுக்கது. வேலிக்கால் நட எடமே இல்லாம ஆக்கிப் போடுதேன்."

"அப்பம் முழங்கால் ஆழமாவது வெட்டுங்க. மேலாக்க வெட்டுனா மூடிருவாருல்லா?"

பேச்சில் நியாயம் இருந்தது. முழங்கால் ஆழம் வெட்டினார். எதிரே சத்தியநேசன் தன் வீட்டு வாசலில் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பென்சிலைக் கைநீட்டிப் பிடித்துப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தியா, கண்ணாலயே அளக்குதான்," என்று பல்லைக் கடித்தார் குற்றாலலிங்கம்.

மறுநாள் பள்ளத்தின் அடியில் இரண்டு மூடு கோரை. நட்டவன் தண்ணீரும் விட்டிருந்தான். பள்ளம் வெட்டிக் கொடுத்தால் நடாமல் என்ன செய்வான் என்று தன்னையே நொந்துகொண்டார். வீடு கட்டி மிஞ்சிய கல்லெல்லாம் கொல்லையில் கிடந்தது. கூடை கூடையாகச் சுமந்து பள்ளத்தில் கொட்டினார். முதுகு விட்டுப்போயிற்று.

நீலாம்பாள் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். "பெருங்கல்லை அடியில போடுங்க. சின்னச் சல்லிய மேல பரத்துங்க. அப்பத்தான் தோண்ட முடியாது."

இவளுக்கு இவ்வளவு மூளையா என்று ஒரு கணம் சந்தேகம் வந்தது. முதுகுவலியில் அதைத் தொடரவில்லை.

மத்தியானம் ரசத்துக்குச் சோறு பிசையும்போதுதான் உறைத்தது. கை அப்படியே நின்றுவிட்டது.

"ஏட்டி, பள்ளம் வெட்டி, கல்லு போட்டு... நானே அவனுக்கு அஸ்திவாரம் போட்டுக் குடுத்துட்டனே."

"அப்பம் மணலைப் போட்டு மூடிருங்க. மாடி கட்டதுக்கு வாங்குன மணல் சும்மாதானே கெடக்கு."

"மாடி?"

"மொதல்ல எடத்தைக் காப்பாத்துங்க."

வராத மாடியின் மணல் போயிற்று. சாயங்காலம் சத்தியநேசன் வந்து ஒரு பிடி அள்ளி விரலிடுக்கில் ஓடவிட்டார். "நல்ல ஆத்து மணல், அண்ணாச்சி. நெரவி வேற வச்சிருக்கிய," என்றார். சிரித்தது போலவும் இருந்தது, எடை போட்டது போலவும் இருந்தது. விடிந்தால் அந்த மணலின் நட்டநடுவில் ஒரு கோரை ஆடிக்கொண்டிருந்தது.

இனி ஒரே வழிதான். அனுபவத்தில் யார் வைத்திருக்கிறார்களோ அவர்கள் பேச்சுக்குத்தான் பலம். அவன் ஒன்று நட்டால் நாம் ஒரு விரல் இடம் விடாமல் நட்டுவிட வேண்டும்.

நாற்றுக்கு எங்கே போவது என்று யோசித்தபோது, அவர்கள் கிணற்றில் தண்ணீர் எடுக்க வரும் அடுத்த தெரு மைதீன் பாத்திமா, தலைச்சுமையாகக் கோரையும் கல்வாழையும் வெட்டிவேரும் கொண்டுவந்து இறக்கினாள். "வாய்க்கால்ல சும்மா கெடந்துது அண்ணாச்சி," என்றாள். சும்மா கொடுக்கிறாளே என்று இவளையும் ஒரு பார்வை பார்த்து வைத்தார்.

நட்டார். தண்ணீர் விட்டார். காவலுக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பள்ளம் பச்சைப் பசேல் என்று ஆகிவிட்டது.

ஐப்பசி பிறந்ததும் தாலுகா ஆபீசிலிருந்து சிவகணேஷ் வந்தான். ஒரு காலத்தில் இவருக்கு அளவுச்சங்கிலி பிடித்தவன்.

"வாப்பா. புகார் வரும்னு தெரியும். அந்தச் சார்வாள் எடத்தை வளைக்கது பத்தித்தானே?"

சிவகணேஷ் தலையைச் சொறிந்தான். "இல்லய்யா. புகார் உங்க மேல. பொறம்போக்குல பள்ளம் வெட்டி, அஸ்திவாரம் போட்டு, தோட்டமும் போட்டு வளைச்சிட்டியளாம்."

குற்றாலலிங்கத்துக்குக் காது அடைத்துக்கொண்டது. ஊரான் வளைத்த இடத்தையெல்லாம் மீட்டவர் பெயர் கடைசியில் அதே இலாகாவில் நாறப் போகிறது.

சத்தியநேசன் படலையைத் திறந்துகொண்டு வந்தார். "நான்தான் சொன்னேன் அண்ணாச்சி. தெனமும் கல்லும் மண்ணுமா கொட்டுனா என்னன்னு நெனைக்கது?"

"நீரு கோரை நட்டதுனாலதானவே கொட்டுனேன்."

"நான் எங்க நட்டேன்? வெயில் எறங்குத நேரத்துல நீங்க வெட்டுதது நல்லாருந்துது, படம் போட்டேன். அம்புட்டுதான்."

"அப்பம் நட்டது யாருவே?"

அதற்கு யாரும் பதில் சொல்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் வராந்தாவில் ஏறி நின்றார்கள். தெருத் தண்ணீர் கறுப்பாக, எண்ணெயும் நுரையுமாக உருண்டு வந்தது. குற்றாலலிங்கம் கிணற்றைப் பார்த்தார். பிள்ளை நாளை வருகிறாள்.

தண்ணீர் கோரைக்குள் புகுந்தது. புகுந்த வேகம் அடங்கி நின்றது. குப்பை தண்டுகளில் மாட்டிக்கொண்டது, எண்ணெய்ப்பாடை அங்கேயே ஒட்டிக்கொண்டது. மிச்சம் மணலுக்குள் பைய இறங்கியது. நிரம்பி மறுபக்கம் வழிந்த தண்ணீரில் அடித்தரை தெரிந்தது.

"எங்க கல்லிடைக்குறிச்சி வாய்க்கால்லயும் இப்படித்தான், கோரைக்குள்ள பூந்து தெளிஞ்சு வரும்," என்றாள் நீலாம்பாள் மெதுவாக.

"அந்த வாய்க்கால்லதான் பாதிய ஒங்கப்பா வயலோட சேத்துக்கிட்டாரே," என்றார் அவர், பழக்கத்தில்.

சிவகணேஷ் மழை விட்டதும் இறங்கிப் போய்ப் பார்த்தான். கிணற்றில் வாளி விட்டு இறைத்தும் பார்த்தான். "ஐயா, தெருத் தண்ணி தெளிஞ்சு எறங்கதுக்கா இவ்வளவும் செஞ்சிய? அடியில கல்லு, மேல சல்லி, அதுக்கு மேல மணலு, செடி. இதை வளைச்சதுன்னு எவன் சொல்லுவான்?"

குற்றாலலிங்கம் ஒரு கணம்தான் தயங்கினார். "ஆமா. எல்லாம் யோசிச்சுத்தான் செஞ்சேன்."

சத்தியநேசன் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். அந்த மன்னிப்பிலும் ஏதாவது உள்நோக்கம் இருக்குமோ என்று பார்த்து, இல்லை என்று தெரிந்த பிறகே ஏற்றுக்கொண்டார்.

மறுநாள் வந்த சுப்ரஜா ஒரு செம்பு கிணற்றுத் தண்ணீரை மடமடவென்று குடித்தாள். "தண்ணி நல்லாருக்குப்பா. போன வருஷம் வந்த வாடையே இல்ல." அவருக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் பார்த்துக்கொண்டார்.

ஆனாலும் கோரையை நட்டது யார் என்ற கேள்வி உள்ளே கிடந்து குடைந்தது. சாயங்காலம் கிணற்றடியில் நீலாம்பாளும் மைதீன் பாத்திமாவும் குரலைத் தாழ்த்திப் பேசுவது கேட்டது. பெண்கள் குரலைத் தாழ்த்தினால் அதில் விஷயம் இருக்கும். குளியலறைச் சுவருக்குப் பின்னால் போய் மூச்சை அடக்கி நின்றார்.

பாத்திமா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே கேட்டாள்: "மதினி, எங்க தெரு முக்குலயும் பட்டறைத் தண்ணி வந்து நாறிப்போய் நிக்கி. அண்ணாச்சி காலையில நடக்கப் போற வழிதான். அங்கயும் நீங்களே வந்து ஒரு மூடு கோரை நட்டு வைக்கியளா, இல்ல நானே வச்சிரட்டுமா?"