வடிகட்டிக்கு மேலே ஒரு கடப்பாக்கல்

எதை வாங்குவதாக இருந்தாலும் அதைப் பற்றி முழுசாகப் படித்துவிட்டுத்தான் வாங்குவேன் என்று பெருமையடிக்கும் ஆட்களை நம்பவே நம்பாதீர்கள். அவர்களால் வீட்டுக்கு ஒரு பைசா பிரயோஜனம் கிடையாது. இதை நான் யாரிடமோ கேட்டுச் சொல்லவில்லை. சிட்லபாக்கம் ஏரிக்குப் பின்னால் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் அப்படி ஒரு அறிவுக்கொழுந்து குடியிருந்தது. அது நான்தான்.

அந்த வருஷம் ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகையிலும் விடவில்லை. பால்கனிக் கொடியில் தொங்கிய துணியெல்லாம் முடைநாற்றம் அடித்தது. "ஒரு டிரையர் வாங்கிடலாம்ங்க" என்றாள் என் மனைவி கவிதா. சாதாரண மனிதன் என்றால் கடைக்குப் போய் வாங்கிக்கொண்டு வந்திருப்பான். நான் ஆராய்ச்சியில் இறங்கினேன்.

சூடான காற்றில் துணி உருளும்போது அதிலிருந்து பஞ்சு உதிரும். அதைப் பிடிக்க ஒரு வலை வடிகட்டி உண்டு. அதை அவ்வப்போது எடுத்துச் சுத்தம் செய்யாவிட்டால் காற்று அடைத்துக்கொள்ளும், துணி காயாது. சில மெஷின்களில் இந்த வடிகட்டி கதவைத் திறந்தவுடன் வாசல்படியிலேயே செருகியிருக்கும். சிலவற்றில் உருளைக்குள் பின்பக்கம் இருக்கும். இன்னும் சிலவற்றில் மெஷினின் தலையில் ஒரு பிளவு இருக்கும், அதிலிருந்து மேலே உருவ வேண்டும். துணி காய்கிறதா, கரண்ட் எவ்வளவு தின்னும் என்றெல்லாம் கேட்பவர்கள் பாமரர்கள் என்பது என் கட்சி. வடிகட்டி எங்கே இருக்கிறது என்று கேட்பவனே மனிதன். (யாரும் கேட்கவில்லை. நான் ஒருத்தன்தான் மனிதன்.)

தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டோரம் ஒரு பெரிய கடை. அங்கே போய் ஒவ்வொரு மெஷினாகக் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டேன்.

"சார், எல்லாமே நல்லா காய வெக்கும் சார்" என்றார் விற்பனையாளர்.

"அது இருக்கட்டும். பஞ்சு எங்க போகுது?"

"பஞ்சா? கீழ போகும் சார். இல்ல சார்... பின்னாடி போகும்னு நினைக்கிறேன்."

நினைக்கிறாராம்! அந்த மனிதரை நான் பார்த்த ஏளனப் பார்வையை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. பிறகு அவருக்கே வகுப்பெடுத்தேன். கதவில் இருக்கும் வடிகட்டியை உருவும்போது பஞ்சு மறுபடி துணிமேலேயே கொட்டும். பின்பக்கம் இருந்தால் ஆளே உள்ளே போய்த்தான் எடுக்க வேண்டும். தலையில் இருப்பதுதான் உத்தமம், குனிய வேண்டாம், நிமிர்ந்து நின்றபடி உருவலாம். இதையே கவிதா வீட்டு வாட்ஸப் குழுவில் குரல் பதிவுகளாகவும் போட்டேன். மாமியார் பதிலுக்கு ஒரு ரோஜாப்பூவில் 'இனிய காலை வணக்கம்' அனுப்பினார்.

தலையில் வடிகட்டி வைத்த மெஷின் வந்து இறங்கியது. அன்றைக்கென்று மாமனாரும் வந்திருந்தார்.

"மாப்பிள்ளை, சூடு வர்ற சாமான் எதுவா இருந்தாலும் அக்னி மூலையிலதான் இருக்கணும்" என்றார்.

எங்கள் வீட்டின் தென்கிழக்கு மூலை சர்வீஸ் ஏரியாவில் கடப்பாக்கல் மேடைக்கு அடியில் வருகிறது. மேடைமேல் மாவு அரைக்கும் கிரைண்டர். அடியில் டேப்பை வைத்து அளந்தேன். அகலம் சரி, ஆழம் சரி, உயரம் மேலே ஒரு கை மட்டும் நுழையும் அளவுக்குக் கச்சிதம். எனக்கு ஒரே பூரிப்பு. மழைத்தண்ணீர் மெஷினுக்குள் போகக்கூடாதே என்று கொத்தனாரை வைத்து முன்னால் ஒரு சின்னச் சிமெண்டுத் தடுப்பும் கட்டிவிட்டேன். மெஷின் இனி ஆயுசுக்கும் நகராது.

சிமெண்டு காய்ந்த பிறகு, முதல் தடவையாக வடிகட்டியை நிமிர்ந்து நின்று உருவப் போனேன். நிமிரவே முடியவில்லை, நடுவில் கடப்பாக்கல். முட்டி போட்டுக் கையை விட்டு இழுத்தேன். வடிகட்டி ஒரு கட்டைவிரல் உயரம் மேலே வந்து 'டங்' என்று கல்லில் இடித்து நின்றது. வாரக்கணக்கில் வடிகட்டி எங்கே இருக்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் உபதேசித்த மேதை, அது வெளியே வர இடம் வேண்டும் என்பதை யோசிக்கவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

"ஃபில்டர் க்ளீன் பண்ணியாச்சா?" என்று கவிதா கேட்கும்போதெல்லாம், "பளபளன்னு இருக்கு" என்றேன். நடுவில் கவிதா புதிதாக அரக்குச் சிவப்பில் டர்க்கி டவல்கள் வாங்கியிருந்தாள். அவை தினமும் மெஷினில் உருண்டன. வடிகட்டி தின்றுகொண்டே இருந்தது.

இந்த லட்சணத்தில் கவிதாவின் தங்கை நித்யாவின் நிச்சயதார்த்தம் வந்தது. காதல் கல்யாணம். இரண்டு வீட்டையும் சம்மதிக்க வைப்பதற்குள் நித்யா பாதியாக இளைத்திருந்தாள். பிள்ளை வீட்டார் செம்பாக்கம், சகுனம் பார்க்கிறவர்கள். மாமனார் வீடு அனகாபுத்தூரில், மழை என்றால் சந்தில் முழங்கால் தண்ணீர். அதனால் விசேஷம் எங்கள் வீட்டில் என்று முடிவானது. மாமனார் ஜரிகை வேஷ்டியும் அங்கவஸ்திரமுமாகப் புறப்பட்டு, அந்தச் சந்துத் தண்ணீரில் கால் வழுக்கி உட்கார்ந்து, சேறும் சகதியுமாக வந்து சேர்ந்தார்.

கவிதா சட்டென்று அலசிப் பிழிந்தாள். "அயர்ன் போட்டே காய வெச்சிடறேன்" என்றாள்.

"மெஷின் எதுக்கு இருக்கு?" என்றேன் நான். (அடப்பாவி, வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.)

"ரெண்டு துணிதானே, விடுங்களேன்."

"கவிதா, இதுக்காகத்தான் வாங்கினோம்."

போட்டேன். கொஞ்ச நேரத்தில் சிவப்பு விளக்கு எரிந்து மெஷின் நின்றது. திறந்தால் துணி வெந்நீரில் போட்டதுபோல் சூடாக, ஈரமாக இருந்தது. பிள்ளை வீட்டார் புறப்பட்டுவிட்டதாகப் போன் வந்தது. ஹாலில் மாமனார் என் லுங்கியில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஈரத்துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு, சமையலறையிலிருந்து இடுக்கியை எடுத்து வந்து முட்டி போட்டேன். வடிகட்டியின் காதைப் பிடித்து மூச்சைப் பிடித்து இழுத்தேன். பிளாஸ்டிக் சட்டம் வளைந்தது, முறிந்தது, அப்புறம் சட்டென்று பிய்த்துக்கொண்டு வந்தது. உள்ளே அடைந்திருந்த அரக்குப் பஞ்சு மொத்தமும் என் முகத்திலும் தோளிலும் வெடித்தது. தோளில் என்ன இருந்தது என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

ஈரத்துணி பஞ்சை விடுமா? உதறினேன், ஒட்டியது. தட்டினேன், இன்னும் ஒட்டியது. உருண்டால் உதிர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டு, முறிந்த வடிகட்டியைச் செருகி மறுபடி மெஷினில் போட்டேன். இந்த முறை அற்புதமாகக் காய்ந்தது, பஞ்சோடு சேர்ந்து. செல்லோடேப்பை வைத்து ஒற்றி எடுத்துக்கொண்டிருக்கும்போதே காலிங்பெல் அடித்தது.

"என்ன மாப்பிள்ளை, வெல்வெட் மாதிரி இருக்கு?" என்றார் மாமனார், கட்டிக்கொண்டே.

கவிதா என்னைப் பார்த்தாள். என் கையிலிருந்த செல்லோடேப்பைப் பிடுங்கிக்கொண்டு கதவைத் திறக்கப் போனாள். அதற்கு அவள் திட்டியிருக்கலாம்.

தட்டு மாற்றும் நேரம் வந்தது. பிள்ளையின் அப்பாவும் என் மாமனாரும் எதிரெதிரே நின்றார்கள். மாமனார் தட்டை நீட்டினார். தோளிலிருந்த அங்கவஸ்திரம் லேசாக அசைந்தது. அதிலிருந்து ஒரு சிவப்புப் பிசிறு கிளம்பி, சாவகாசமாக மிதந்து போய் சம்பந்தியின் மூக்கில் உட்கார்ந்தது.

"அச்!"

ஒரே ஒரு தும்மல். தட்டு அந்தரத்தில் நின்றது.

"ஒத்தத் தும்மல் ஆச்சே" என்றார் பிள்ளையின் அத்தை. "இன்னிக்கு வேணாம்டா. இன்னொரு நாள் பாத்து வெச்சுக்கலாம்."

இன்னொரு நாள் என்றால் என்ன அர்த்தம் என்று அந்த ஹாலில் எல்லோருக்கும் தெரியும். நித்யாவின் முகம் வெளுத்துவிட்டது. எனக்கு அந்த மெஷினுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளலாம் போலிருந்தது. ஒரு வடிகட்டிக்காகப் பொய் சொல்லி, ஒரு பெண்ணின் கல்யாணத்தையே கெடுத்துவிட்டேனே!

நித்யா எழுந்தாள். நேராக அப்பாவிடம் வந்தாள். "அப்பா, அங்கவஸ்திரம் நழுவுது பாருங்க" என்றாள். அதை உருவி, வருங்கால மாமனாரின் மூக்குக்கு நேரே ஒரு உதறு உதறி, மறுபடி தோளில் போட்டாள்.

சம்பந்தியின் முகம் கோணியது. கண் செருகியது. ஹாலே மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த மூக்கைப் பார்த்தது.

"அச்!"

"ரெட்டைத் தும்மல்!" என்றார் அதே அத்தை. "நல்ல சகுனம். மாத்துங்க தட்டை."

தட்டு மாறியது. அதன் பிறகு கேசரி சாப்பிட்டு முடிக்கும்வரை சம்பந்தி தும்மிய தும்மல்களை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாளே தடுப்பை உடைத்து, வடிகட்டி முறிந்துபோன மெஷினை வெளியே எடுத்தோம். வேறு இடம் இல்லாததால் அது ஹாலில், சோபாவுக்குப் பக்கத்தில், பூப்போட்ட உறை போர்த்திக்கொண்டு நிற்கிறது. மழைக்காலத்தில் ஹாலுக்குக் குறுக்கே நைலான் கயிறு கட்டித் துணி காயப்போடுகிறோம். கயிற்றின் ஒரு முனையை மெஷினில்தான் கட்டியிருக்கிறோம்.

நித்யாவின் கணவன் பிரபாகர், என் சகலை, தங்கமான மனுஷன். ஆனால் நான் "இதப் பத்திப் படிச்சுப் பாத்தேன்" என்று ஆரம்பித்தால் போதும், ஒரு தும்மல் தும்முவான். மொத்தக் குடும்பமும் நித்யாவைத் திரும்பிப் பார்க்கும்.

போன வாரம் எல்லோரும் வந்திருந்தபோது, பாத்ரூமுக்கு ஒரு கீசர் வாங்க வேண்டும் என்றாள் கவிதா. நான் தொண்டையைக் கனைத்தேன். இன்னும் பேச்சே சரியாக வராத நித்யாவின் பெண்குழந்தை என்னை நிமிர்ந்து பார்த்து, "அச்" என்றது. மாமனார் தோளிலிருந்த துண்டை எடுத்து என் மூக்குக்கு நேரே ஒரு உதறு உதறினார்.

கீசரைக் கவிதா தனியாகப் போய் வாங்கி வந்துவிட்டாள்.