மிடி காட் சரிவராதது சம்பந்தமாக

ஆலங்குடா,
ஐப்பசி 6.

பெருமதிப்புக்குரிய மாமா வீரகத்தி அவர்களுக்கு,

மருமகன் யசோதரன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகமாக இருக்கிறேன் என்று எழுதுவது முறை, அதனால் எழுதியிருக்கிறேன். அங்கே உங்களுடைய முழங்கால் நோவும் மாமியின் பிரஷரும் குறைந்திருக்க அம்மன் துணை செய்யட்டும். போனில் சொல்லக்கூடியதைக் காகிதத்தில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நீங்கள் போனை எடுத்தவுடன் ஸ்பீக்கரில் போடுவீர்கள், மீன் வாடியில் வலை பொத்துகிற அத்தனை பேரும் கேட்டுக் கருத்துச் சொல்வார்கள். போன முறை மிடி என்றால் என்ன என்று நான் விளங்கப்படுத்திக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து ஒருவர் "அவனுக்கு மறு கலியாணம் பேசுங்க, எல்லாம் சரியா வரும்" என்று சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

உங்களுடைய குரல் செய்தி கிடைத்தது. இரண்டு நிமிடம் நாற்பது செக்கன். அதில் முதல் ஒரு நிமிடம் "இது பதியுதா, பதியுதா" என்று மாமியிடம் கேட்கிறீர்கள். மிச்சத்தில் சொன்ன விசயம் விளங்கியது. வருகிற கார்த்திகையில் உங்கள் பிள்ளை சுஜாந்தியின் ஆண்டுத் திவசம். அன்றைக்கு அவளுடைய கீபோட்டை அம்மன் கோவில் அறநெறிப் பாடசாலைக்குக் கொடுப்பதாகச் சபையில் சொல்லிவிட்டீர்கள். ஐந்து வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அங்கே பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவள், ஆகவே அது சரியான இடம்தான், நான் மறுக்கவில்லை. "ஒரு வயர் கொழுவ எத்தனை மாசம் மருமகன்?" என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். இந்தக் கடிதம் அதற்குப் பதில்.

கீபோட்டுக்குள்ளே பத்துப் பாட்டுப் பதிந்து வைக்கலாம். பத்தையும் அவள் பதிந்துவிட்டாள். அந்தப் பத்தையும் உள்ளே இருக்கிற ஒரு சின்னப் பற்றரிதான் பிடித்து வைத்திருக்கிறது, ஐந்து ரூபாய்க் குற்றிக் காசு அளவு. அது இறங்கிக்கொண்டு வருகிறது, ஒவ்வொரு முறை போடும்போதும் திரையில் எச்சரிக்கை வருகிறது. பற்றரியைக் கழற்றினால் பத்துப் பாட்டும் போய்விடும். கழற்றாமல் விட்டாலும் பத்தும் போய்விடும், எந்த நாள் என்பது மட்டும் தெரியாது. அப்படியே பிள்ளைகளிடம் கொடுத்தால் முதல் ஞாயிறே யாராவது ஒரு பிள்ளை சிவப்புப் பட்டனை அமத்தி மேலே வேறொன்றைப் பதிந்துவிடும். ஆகவே முதலில் பாட்டை வெளியே எடுக்க வேண்டும். வெளியே வர இருக்கிற ஒரே வாசல், பின்பக்கத்தில் ஐந்து ஓட்டையோடு இருக்கிற வட்டச் சொக்கட் இரண்டு. அதுதான் மிடி. அந்த வாசலையும் கொம்பியூட்டரையும் கதைக்க வைப்பதற்குத்தான் கொம்பியூட்டருக்குள் சொருகுகிற இந்தக் காட்.

காட் தெரிவு செய்வது பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் தெரிந்திருப்பது நல்லது. மூன்று வகை உண்டு. ஒன்று காட்டே இல்லை, நடுவில் தீப்பெட்டி மாதிரி ஒன்று வைத்த வயர். மலிவு, எல்லாக் கடையிலும் இருக்கும். ஒரு பாட்டை ஒவ்வொரு சுரமாக வாசித்தால் கொண்டுபோகும், பத்துப் பாட்டையும் மொத்தமாக ஏற்றினால் ஐஸ் போடாத லொறியில் சூடை மீன் அனுப்பின மாதிரி, புறப்பட்டதெல்லாம் போய்ச் சேராது. இரண்டாவது வகை, பழைய சவுண்ட் காட். பிள்ளைகள் விளையாட்டுக் கைப்பிடி கொழுவுகிற பதினைந்து ஊசிச் சொக்கட் அதில் இருக்கும், அதற்குள்ளாலும் மிடி வரும், ஆனால் அதற்கென்று ஒரு வயரை நாமே செய்ய வேண்டும். மூன்றாவது வகைதான் உண்மையான மிடி காட். இந்தக் காலத்தில் அதை யாரும் செய்வதில்லை, யாராவது கழற்றிப் போட்டதைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். என்னுடைய கொம்பியூட்டரும் பழசு என்பதால் அது பொருந்தும். எனவே நான் மூன்றாவது வகையைத் தெரிவு செய்தேன்.

தில்லையடியில் முபாறக் என்பவர் பழைய கொம்பியூட்டர்ச் சாமான் கடை வைத்திருக்கிறார். அவருடைய வாப்பா தொண்ணூறில் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வரும்போது கையில் தூக்கி வந்த ஒரே சாமான் ஒரு ரேடியோ. வழியில் உப்புத் தண்ணீர் பட்டு அது கதைப்பதில்லை. இன்னும் கடை ராக்கையில் 'திருத்த வேலைக்கு' என்று துண்டு ஒட்டி இருக்கிறது. முப்பத்தைந்து வருடமாகத் திருத்தப்படுகிறது. இவ்வளவும் எழுதுவது, அவர் அவசரப்படுகிற மனிதர் இல்லை என்று உங்களுக்குத் தெரிவதற்காக.

முதலாவது காட்டை ஆடி மாதம் அவரிடம் வாங்கினேன். அது சரிவரவில்லை. அதைப் பற்றி எழுத வேறொன்றுமில்லை.

திருப்பிக் கொண்டுபோனபோது முபாறக் அதைத் தன்னுடைய கொம்பியூட்டரில் போட்டுப் பார்த்தார். "இது நல்லாத்தானே ஈக்குது மாஸ்டர்" என்றார். தில்லையடிக் கரண்டும் ஆலங்குடாக் கரண்டும் ஒன்றல்ல என்று சொன்னேன். நான் எலெக்ட்ரோனிக்ஸ் டிப்ளோமா எடுத்தவன் என்பது அவருக்குத் தெரியும். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ராக்கையில் இருந்த ரேடியோவைப் பார்த்தார். "ஓம், அப்படியும் ஈக்கலாம்" என்று சொல்லி உள்ளே போய் இரண்டாவது காட்டை எடுத்து வந்தார்.

இரண்டாவது காட், நான் மேலே சொன்ன சவுண்ட் காட் வகை. அதற்கு வயரை நானே செய்தேன், அதற்கு ஒரு கிழமை. அந்தக் காட்டைப் புது விண்டோஸ் அறியாது என்பதால் பழைய விண்டோஸ் தேடி ஏற்றினேன், அதற்கு ஒரு கிழமை. பழைய விண்டோஸ் என்னுடைய மவுஸை அறியவில்லை, அதற்கு நாலு நாள். ஆவணியில் நடந்ததாக நீங்கள் கேள்விப்பட்ட விசயம் இந்தக் காட்டினால் வந்ததுதான். மிடிக்குள்ளால் சத்தம் போவதில்லை மாமா, செய்திதான் போகிறது. ஒரு கட்டையை அமத்தினால் 'பிடி' என்று ஒரு செய்தி, விரலை எடுத்தால் 'விடு' என்று ஒரு செய்தி. ஒரு சனிக்கிழமை காலை நான் கொம்பியூட்டரிலிருந்து கீபோட்டுக்கு அனுப்பிச் சோதித்துக்கொண்டிருந்தபோது, பட்டம் கட்டிக் கடலில் ஓடுகிற வெள்ளைக்காரர்களின் ஹோட்டலிலிருந்து படகு ரேடியோ கதைக்கவில்லை என்று ஆள் வந்தது, நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கதவைப் பூட்டிவிட்டுப் போய்விட்டேன். நான் போன பிறகு 'பிடி' வந்திருக்கிறது. 'விடு' வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது. கீபோட் அந்த ஒரே சுரத்தைத் தேவாலய ஓர்கன் குரலில் இரண்டரை மணித்தியாலம் பிடித்தபடி இருந்தது.

பக்கத்து வீட்டு அன்ரனிப்பிள்ளை, வள்ளம் வைத்திருக்கிறவர், முதலில் கூப்பிட்டுப் பார்த்தாராம், பிறகு தட்டிப் பார்த்தாராம், பிறகு கதவை உடைத்துவிட்டார். நான் திரும்பி வந்தபோது அவர் என் கதிரையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். எதை நினைத்துக் கதவை உடைத்தார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கீபோட்டின் பிளக்கைக் கழற்றினேன், சத்தம் நின்றது. ஆலங்குடாவில் பத்து மணிக்கு நடந்தது பன்னிரண்டு மணிக்கு ஐஸ் லொறியில் உங்கள் உடப்புக்கு வந்து, வருசம் திரும்புமுன் மருமகன் வீட்டில் கச்சேரி வைத்தான் என்று ஆகிவிட்டது. அது கச்சேரி இல்லை. ஒரே ஒரு சுரம். அதுவும் நான் வீட்டில் இல்லாத நேரம்.

மூன்றாவது காட்டுக்குப் போனபோது முபாறக் நான் வாய் திறக்குமுன்பே எடுத்து மேசையில் வைத்தார். "வெச்சிப் பாருங்க மாஸ்டர், அவசரமில்ல" என்றார். அது மூன்றாவது வகை, உண்மையான மிடி காட், நல்ல சாமான். கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுத் தேத்தண்ணீர் வைக்கக் குசினிக்குப் போனேன். அன்ரனிப்பிள்ளை தான் உடைத்த கதவைத் திருத்துவதற்காகத் தினமும் வருகிறார், அதோடு கடலடியில் மீன் நிற்பதைக் காட்டுகிற அவருடைய ஃபிஷ் ஃபைண்டரை ஆவணியிலிருந்து என்னிடம் திருத்தத் தந்திருக்கிறார், ஆகவே இரட்டை அலுவல். நான் தேத்தண்ணீரோடு வரும்போது காட்டின் தங்கப் பல்லு அத்தனையிலும் எஞ்சின் கிறீஸ் பூசி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "கடக்கரையில கிறீஸ் பூசாத கம்பி ஒரு மாசம் நிக்காது தம்பி, நீங்க படிச்ச ஆள், இது தெரியாதா" என்றார். வள்ளத்துப் பற்றரிக்கு அது சரி. காட்டுக்கு அது சரியில்லை. ஸ்பிரிட்டும் பல் துலக்கும் பிரஷும் வைத்துக் கழுவ மூன்று நாள் எடுத்தது, நாலாம் நாள் கொம்பியூட்டரில் போட்டேன், கொம்பியூட்டரும் பேசாமல் போய்விட்டது. அவரைக் கோபிக்க வழியில்லை. அவர் அன்றைக்குப் பாரை மீன் கொண்டுவந்திருந்தார்.

புரட்டாதியில மாமி இங்க வந்தவ. சிலாபத்துக்குக் கண் டொக்டரிட்டப் போறதா உங்களிட்டச் சொல்லிப்போட்டு, எதிர்ப்பக்க பஸ்ஸில ஏறி வந்தவ. இதை நான் எழுதியிருக்கக் கூடாது, ஆனா பேனையால எழுதியாச்சு. கருவாடும் தொதலும் கொண்டுவந்து குடுத்திட்டு, நேரா கீபோட்டுக்கு முன்னால கதிரையைப் போட்டு இருந்து, பிள்ளைட குரலைப் போடச் சொன்னா. குரல் இல்லை மாமி எண்டு சொன்னன். ஊருக்குள்ள எல்லாரும் குரல் இருக்கெண்டுதான் நினைச்சிருக்கினம், அதைத்தான் நான் எடுக்கப் பாடுபடுறன் எண்டு. அப்பிடியில்லை. எந்தக் கட்டை, எந்த நேரம், எவ்வளவு அழுத்தம், இவ்வளவும்தான் உள்ளுக்குள்ள இருக்கு. அழுத்தம் ஒண்டிலயிருந்து நூற்றியிருபத்தேழு வரைக்கும். எல்லாம் எண்கள். டெங்குவோட அவள் ஆஸ்பத்திரியில கிடந்த அஞ்சு நாளும் பிளேட்லெட் எண்ணிக்கையை நான் ஒரு கொப்பியில எழுதினனான், அந்தக் கொப்பியில ஒரு பிழையும் இல்லை. எண்கள் சரியா இருக்கிறதால ஒண்டும் நடக்காதெண்டு எனக்குத் தெரியும், அதைத்தான் மாமிக்கும் விளங்கப்படுத்தினன். மாமி எல்லாத்தையும் கேட்டுப்போட்டு, "அவ அமத்தினதுதானே தம்பி?" எண்டு கேட்டா. ஓம் எண்டன். "அப்ப போடுங்க" எண்டா. நாலாவது பாட்டைப் போட்டன். முடிஞ்ச பிறகு கீபோட்டை மூடுற துணியை வாங்கித் தானே மூடி, சுருக்கம் எடுத்துவிட்டிட்டுப் போனா.

ஆகவே மாமா, விசயம் இதுதான். மூன்று காட்டும் சரிவரவில்லை, பற்றரி இறங்குகிறது, பாட்டு இன்னும் உள்ளேதான். என்னுடைய வேண்டுகோள் இரண்டு. கொழும்பில் இருக்கிற உங்கள் தம்பி மகள் சந்தைப் பக்கம் வேலை செய்வதாகச் சொன்னீர்கள், அந்தப் பக்கத்தில் பழைய சாமான் கடைகள் உண்டு, நாலாவது காட் ஒன்றைத் தேடச் சொல்லவும். அடுத்தது, கீபோட் கொடுப்பதைத் திவசத்திலிருந்து தை மாதத்துக்குத் தள்ளி வைக்கச் சபையில் நீங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தை என்று சொல்லும்போது அடுத்த தை என்று உறுதியாகச் சொல்லிவிட வேண்டாம்.

மாமிக்கு என் வணக்கம். சிலாபம் சம்பந்தமாக அவரிடம் ஒன்றும் கேட்க வேண்டாம். வாடியில் உள்ள எல்லோருக்கும், அன்றைக்குப் பின்னாலிருந்து கதைத்தவருக்கும், என் அன்பைச் சொல்லவும். கடல் அமைதியாக இருக்கட்டும், வலை கனமாக வரட்டும், முழங்காலுக்கு எண்ணெய் பூச மறக்க வேண்டாம்.

இப்படிக்குப் பணிவுள்ள மருமகன்,
யசோதரன்

பி.கு.: கடிதத்தை உறைக்குள்ள போட்டு ஒட்டிப்போட்டு, திரும்பவும் பிரிச்சிருக்கிறன். முதலாவது காட் சரிவரவில்லை எண்டு மேல எழுதினது பொய். வாங்கின அண்டைக்குப் பின்னேரமே அது வேலை செய்தது. பத்துப் பாட்டும் ஒரு பிழையில்லாமல் வந்து சேர்ந்தது. கொம்பியூட்டரில இருந்த பிரதி அதோட போயிட்டுது, ஆனா ஆடியில இருந்து பென் டிரைவ் ரெண்டில ரெண்டு பிரதி, அரிசி டின்னுக்குள்ள இன்னொண்டு, எல்லாம் பத்திரமா இருக்கு. மற்ற ரெண்டு காட்டும், உடைஞ்ச கதவும், செத்துப்போன கொம்பியூட்டரும், பழுதில்லாத ஒண்டைத் திருத்தப் போனதால வந்தது. திருத்தியாச்சு எண்டு சொன்னா நீங்க அடுத்த நாளே கீபோட்டை ஏத்த வான் பிடிச்சு வந்திருவீங்க. முபாறக்குக்கு இது ஆடியிலயே தெரியும் எண்டு நினைக்கிறன்.

நாலாவது காட் வேண்டாம். சபையிலயும் ஒண்டும் சொல்ல வேண்டாம். கார்த்திகையில வந்து எடுங்க, வானுக்குள்ள மெத்தை ஒண்டு போட்டு வாங்க. இண்டைக்குக் காலையில பழைய பற்றரியைக் கழட்டிப் புதுசு போட்டனான். எச்சரிக்கை இப்ப வாறதில்லை. பத்து இடமும் வெறுமையா இருக்கு, பிள்ளைகள் பதியலாம். அன்ரனிப்பிள்ளைட ஃபிஷ் ஃபைண்டரையும் குடுத்திட்டன். ஒரு வயர்தான் கழண்டிருந்தது, அதுவும் ஆவணியிலயே எனக்குத் தெரியும். வாங்கிக்கொண்டு, நாளைக்கும் கதவு பாக்க வாறதாச் சொன்னார்.

ஆறாவது பாட்டில அழுத்தம் எல்லாம் நூற்றுப்பத்துக்கு மேல. அது நான் உங்கட ஊர்த் திருவிழாவுக்கு வரமாட்டன் எண்டு சொன்ன நாள். அதுக்கு இப்ப மன்னிப்புக் கேக்கிறன். பத்தாவது பாட்டை மாமியிட்டக் குடுங்க, ஒரு பென் டிரைவ் இதோட வைச்சிருக்கிறன். குரல் இல்லை எண்டு திரும்பவும் சொல்லுங்க. ஆனா அந்தப் பாட்டு நாற்பது செக்கன் போய் நடுவில நிண்டிரும். யாராவது பழுது எண்டு சொல்லி அந்த இடத்தை வெட்ட வந்தா விட வேண்டாம், அது பழுதில்லை. அண்டைக்கு நான் தேத்தண்ணி வடி எங்க எண்டு குசினியில நிண்டு கூப்பிட்டனான், அவள் பதியிறதை நிப்பாட்டாமல் எழும்பி வந்தவள். மாமியை அதில இருந்து கேக்கச் சொல்லுங்க. ஆறு நிமிசமும் பதினொரு செக்கனும் ஒண்டும் கேக்காது. பிறகு அவள் திரும்பி வந்து, விட்ட இடத்தில இருந்து தொடங்குறாள்.