பெரிய சென்சருக்குப் பெரிய ஆவி

புதுக் கமரா வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத ஆளை நம்பிக் குடும்பத்தில் எந்த நல்ல காரியத்தையும் ஒப்படைக்கக் கூடாது. அந்த ஆளின் கண்ணுக்கு மனிதர்கள் தெரியமாட்டார்கள். வெளிச்சமும் நிழலும்தான் தெரியும். இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன். அந்த ஆள் நான்தான்.

அப்போது நான் கரம்பொனில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். (இப்போதும் அதே வகுப்பு, அதே விஞ்ஞானம். மரியாதை மட்டும் கொஞ்சம் குறைந்துவிட்டது.) மூன்று மாதம் யூரியூப்பில் முன்பின் தெரியாத பெடியங்களின் அறிவுரையைக் கேட்டு, மிரர்லெஸ் கமராக்களில் ஆகக் கீழ்ப்படியில் இருந்த ஒன்றை வாங்கினேன். "புதுசாப் பழகிறவைக்கு இது நல்லது மிஸ்" என்றார் கடைக்காரர். எனக்குச் சுருக்கென்றது. மூன்று மாதம் பார்த்த என்னைப் போய்ப் பழகுகிற ஆள் என்கிறாரே!

என் தங்கை துஷியிடமும் ஒரு கமரா இருந்தது. கனடாச் சித்தப்பா வந்தபோது விட்டுப்போன, சவர்க்காரக் கட்டி அளவான சின்னக் கமரா. அதை அவள் கைப்பைக்குள் சீப்போடும் பஸ் ரிக்கற்றோடும் போட்டு வைத்திருப்பாள். அதைக் காணும்போதெல்லாம் எனக்கு உடம்பு பதறும்.

"உன்ர கமராவின்ர சென்சர் சின்னிவிரல் நகத்திலயும் சின்னன். என்ர சென்சர் முத்திரையளவு" என்றேன்.

"பெரிசா இருந்தா என்ன செய்யும்?"

"வெளிச்சத்தைக் கனக்கப் பிடிக்கும். இருட்டிலயும் தெளிவாத் தெரியும்."

"என்ர கமரா இருட்டில பிளாஷ் அடிக்கும். அப்பவும் தெரியும்தானே அக்கா."

இந்த அறியாமையை எப்படிப் போக்குவது? ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு கமராக்களையும் சாட்டி என்கிற கடற்கரைக்குக் கொண்டுபோய்ப் போட்டி வைத்தேன். அவள் கமரா தூரத்து வள்ளத்தில் இருந்தவரின் இடுப்புச் சாரத்தின் கட்டம்வரை இழுத்துக் காட்டியது. என்னுடையதில் வள்ளமே ஒரு புள்ளி. "எனக்கு லென்ஸ் மாத்தலாம்" என்றேன். "மாத்திறதுக்கு வேற லென்ஸ் வச்சிருக்கிறீங்களோ?" என்று கேட்டாள். வைத்திருக்கவில்லை.

இந்த நிலையில்தான் துஷிக்கு டென்மார்க்கிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையும் அவளும் வீடியோவில் கதைத்து, ஒருவருக்கொருவர் நன்றாகப் பிடித்துப்போய், அவள் யாருக்கும் தெரியாமல் டெனிஷ் மொழியில் ஒன்று முதல் இருபதுவரை எண்ணவும் பழகிவிட்டாள். முடிவு சொல்லவேண்டியவர் மாப்பிள்ளையின் தாய். டென்மார்க் மாமி என்போம். ஒரு காலத்தில் புளியங்கூடல் ஆள்தான். "சீதனம், கீதனம் ஒண்டும் வேண்டாம். துஷிக்கு எழுதின வீட்டை மட்டும் ஒருக்காப் படத்தில காட்டுங்கோ" என்றா. சாதாரணமாகத்தான் சொன்னா. ஆனால் ரொறன்ரோவில் இன்னோர் இடமும் பேசுகிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து துஷிக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டுப் படம் நன்றாக வந்தால் கலியாணம், இல்லாவிட்டால் இல்லை என்று அவள் மனதுக்குள் எழுதி ஒட்டிவிட்டாள்.

அந்த வீடு எங்கள் மகேஸ் பெரியம்மாவுடையது. அம்மாவின் மூத்த சகோதரி. கலியாணம் கட்டாதவ. புளியங்கூடலில் தனியாக இருந்து, அந்த வீட்டிலேயே கண்ணை மூடி, வீட்டைத் துஷிக்கு எழுதிவைத்தவ. எட்டு வருடமாகப் பூட்டிக் கிடந்தது. கறண்டும் வெட்டியாயிற்று. "இருட்டு வீடு. பெரிய சென்சர் இல்லாமல் சரிவராது" என்று நானே முன்வந்து பொறுப்பெடுத்தேன். துஷி தன் கைப்பையையும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

கார்த்திகை மாதம். மழைக்கு மூடிய வானம். பிற்பகல் மூன்று மணி என்று யாராவது சொன்னால்தான் தெரியும். திறப்பைப் பூட்டில் போட்டு மூன்று தரம் சுழற்றினேன், கதவு அசையவில்லை. "நாளைக்கு எண்ணெய் கொண்டு வருவம்" என்று திறப்பை உருவிக் கையை எடுத்தேன். கதவு தானாக உள்ளே போனது.

பூட்டிக் கிடந்த வீட்டில் வௌவால் மணம் வரவேண்டும். வந்தது முகப் பவுடர் மணம்.

"அக்கா, பெரியம்மா பூசிற பவுடர் மணக்குதெல்லோ?" என்று துஷி என் கையைப் பிடித்தாள்.

"பூஞ்சணம் சிலவேளை அப்பிடித்தான் மணக்கும்" என்றேன். (எந்தப் பாடப் புத்தகத்திலும் இது இல்லை.)

துஷி பயத்தில் வேகம் பிடித்தாள். விறாந்தை, கூடம், குசினி, பெரியம்மாவின் அறை என்று ஒவ்வொன்றிலும் டிக், டிக்கென்று பிளாஷ் அடித்து, பத்து நிமிடத்தில் வீடு முழுவதையும் எடுத்து முடித்துவிட்டு, "நான் கிணத்தடியில நிக்கிறன்" என்று வெளியே ஓடிவிட்டாள். நான் அப்போதும் கமரா முக்காலியின் இரண்டாவது காலை இழுத்துக்கொண்டிருந்தேன்.

யூரியூப் பெடியங்கள் சொன்ன எல்லாவற்றையும் ஒரே படத்தில் செய்வது என்று முடிவெடுத்தேன். கூடத்தில் முக்காலியை நிறுத்தி, படத்தில் புள்ளிப் புள்ளியாகக் குருணை விழாதபடி ஒளியுணர்வை ஆகக் குறைத்து, லென்ஸின் துவாரத்தையும் சுருக்கினேன். அந்த இருட்டுக்கு அப்படி வைத்தால் ஷட்டர் பதினைந்து விநாடி திறந்திருக்க வேண்டும். விரல் பட்டு ஆடக்கூடாதே என்று பொத்தானை அமத்திப் பத்து விநாடி கழித்து எடுக்கும்படி வைத்தேன். சத்தம் போடுவது பழகாதவர்களின் கமரா என்று சத்தத்தையும் நிற்பாட்டினேன்.

அமத்தினேன். மனதுக்குள் பத்துவரை எண்ணினேன். சத்தமே இல்லாத கமரா எடுத்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்? எடுத்துவிட்டது என்று நானே தீர்மானித்து, அடுத்த படத்துக்கு வெளிச்சம் வேண்டும் என்று போய் யன்னலின் ஒரு கதவைத் திறந்தேன்.

அப்போது உள்ளே, பெரியம்மாவின் அறையில், யாரோ கதிரையை இழுத்தார்கள்.

சீமெந்துத் தரையில் மரக் கால் உராய்கிற சத்தம். கொஞ்சம் இழுபட்டு நின்றது. மறுபடி இழுபட்டது. நான் யன்னல் கம்பியைப் பிடித்தபடி, தலையை மட்டும் அறைப் பக்கம் திருப்பி, அப்படியே நின்றேன்.

"துஷி?" என்றேன்.

"என்ன அக்கா?" என்று பதில் வந்தது. கிணற்றடியிலிருந்து, வீட்டுக்கு வெளியே, எனக்குப் பின்பக்கமாக.

பிறகு நான் செய்ததை வீரம் என்று சொல்வதா, புதுக் கமராக்காரரின் வியாதி என்று சொல்வதா என்று தெரியவில்லை. கமராவை முக்காலியிலிருந்து கழற்றி, அறை வாசலில் நின்று, உள்ளே பார்க்காமலே ஒரு படம் எடுத்தேன். பத்து விநாடிக் காத்திருப்பை நீக்கி, ஒளியுணர்வைக் கூட்டினேன் என்பது மட்டும் ஞாபகம். பிறகு யன்னலையும் சாத்தாமல் ஓடிவந்து வாசலைப் பூட்டினேன். காவோலை கூரையில் உராய்ந்திருக்கும் என்று துஷிக்குச் சொல்லவில்லை. அவள் கேட்கவில்லை. எனக்குத்தான் வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் படங்களைப் போனுக்கு ஏற்றினேன். மற்ற ஆட்களென்றால் படத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்பார்கள். நான் கூடத்துப் படத்தை ஆகப் பெரிதாக்கி, தரைச் சீமெந்தின் வெடிப்புக் கூராகத் தெரிகிறதா என்று அரை மணித்தியாலம் பார்த்தேன். தெரிந்தது. மயிர் மயிராகத் தெரிந்தது. படத்தின் யன்னல் பக்கம் என் கண் போகவே இல்லை. அந்த மகிழ்ச்சியில் என் படங்களையும், ஒரு ஒப்பீட்டுக்காக (அப்படியே எழுதினேன்) துஷியின் படங்களையும் டென்மார்க் மாமிக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

விளக்கு வைக்கிற நேரம் மாமி அழைத்தா. அம்மா எல்லாரும் கேட்கும்படி தன் போனை மேசையில் வைத்தா.

"பிள்ளை, துஷி எடுத்த படத்தில வெள்ளை வெள்ளையா வட்டம் மிதக்குது. பதினொண்டு எண்ணினனான். என்ன அது?"

எனக்கு ஒளியியல் வகுப்பு எடுக்க இதைவிட வாய்ப்பு வருமா? "தூசி மாமி. சின்னக் கமராவில பிளாஷ் லென்ஸுக்குப் பக்கத்திலயே இருக்கும். முன்னால பறக்கிற தூசியில வெளிச்சம் பட்டு, வட்டம் வட்டமாத் தெரியும். அதுதான் உந்தக் கமராக்களின்ர குறை. பெரிய சென்சரில உந்தப் பிரச்சினையே வராது. நீங்கள் என்ர படத்தைப் பாருங்கோ."



"உம்மட படத்தைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறன் பிள்ளை. யன்னலடியில நிக்கிறது ஆர்?"

மூன்று பேரும் என் போனில் குனிந்தோம். திறந்த யன்னலருகில் ஒரு பெண் நின்றாள். உடம்புக்குள்ளால் யன்னல் கம்பிகள் தெரிந்தன. தோளில் வெளிறிய துணி. முகம் அறைப் பக்கம் திரும்பியிருந்தது. மூக்கும் தாடையும் மட்டும் புகைபோல.

"அக்கா..." என்றா அம்மா. என்னைப் பெற்ற தாய், எட்டு வருடத்துக்கு முன் கண்ணை மூடிய சகோதரியை எதிரில் நிற்கிற ஆளைப்போலக் கூப்பிட்டா.

"மகேஸ்" என்றது போன். பிறகு, "நான் பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிட்டது.

மூன்று நாள் எடுக்கவில்லை. துஷி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். சாப்பாட்டுக்குத் தட்டினால், "உங்கட சென்சரையே சாப்பிடச் சொல்லுங்கோ" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. என் தங்கையின் வாழ்க்கையை முத்திரையளவு சாமானால் கெடுத்தேன் என்று நினைத்து நானும் ஒளித்து அழுதேன்.

மூன்றாம் நாள்தான் கமராவில் அந்தப் படத்தின் விபரத்தைப் பார்த்தேன். ஷட்டர் நேரம்: பதினைந்து விநாடி. தலையில் யாரோ குட்டியது போல இருந்தது. நான் பத்து எண்ணி முடித்தபோதுதான் அந்தக் கமரா படம் எடுக்கவே தொடங்கியிருக்கிறது! அந்தப் பதினைந்து விநாடியில் பாதி நேரம் யன்னலடியில் அசையாமல் நின்றது நான். அதனால்தான் பாதி ஆள். தோளில் தொங்கியது என் சுடிதார்ச் சால்வை. பெரியம்மாவின் மூக்கு எனக்கு என்று ஊரே சொல்லும். துஷியின் சின்னச் சென்சர் பதினொரு குட்டி ஆவிகளைத்தான் பிடித்தது. என்னுடையது முழு ஆளையே பிடித்துவிட்டது.

அம்மாவிடமும் துஷியிடமும் ஓடிப்போய் ஒப்புக்கொண்டேன். "பேயில்லை எண்டு மாமிக்குச் சொல்லுவம். வீட்டில ஒரு பிழையும் இல்லை, பிழை என்னிலதான் எண்டு சொல்லுவம்."

நாங்கள் போன் எடுக்கமுன் மாமியே எடுத்தா.

"மகேசும் நானும் ஒரே வாங்கில இருந்து படிச்சனாங்கள். ஊரை விட்டு வெளிக்கிடேக்க அவளிட்ட ஒரு சொல்லுச் சொல்லாமல் போனனான். பிறகு கடிதம் போட வெக்கம். அவள் போயிட்டாள் எண்டு கேள்விப்பட்ட நாளிலயிருந்து எனக்கு நிம்மதியில்லை. வீட்டைப் பாக்கவேணும் எண்டு கேட்டதே அதுக்குத்தான். அவள் எனக்காக யன்னலைத் திறந்து வச்சுக்கொண்டு நிக்கிறாள். எங்களுக்குச் சம்மதம். கலியாணத்துக்கு நாள் பாருங்கோ."

"மாமி, அது..." என்று நான் வாயைத் திறந்தேன். அம்மா மேசைக்குக் கீழே என் தொடையில் கிள்ளினா. ஒளியியல் அத்தோடு முடிந்தது.

துஷியின் சந்தோசத்துக்கு அளவில்லை. இரண்டு கமராப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டேயிருந்தாள். திடீரென்று, "அக்கா, இதை வந்து பாருங்கோ" என்றாள். பெரியம்மாவின் அறை. அவள் எடுத்த படத்தில் கதிரை சுவரோடு ஒட்டிக் கிடந்தது. அரை மணித்தியாலம் கழித்து நான் எடுத்த படத்தில் அது அறையின் நடுவில், வாசலைப் பார்த்தபடி கிடந்தது.

"லென்ஸுக்கு லென்ஸ் தூரம் வேற மாதிரித் தெரியும்" என்றேன்.

"அதுக்காகக் கதிரை முகத்தைத் திருப்புமோ?"



கலியாணத்துக்கு மாமி வந்தா. (படம் எடுக்கும்படி என்னை ஒருவரும் கேட்கவில்லை.) முதல் வேலையாக என்னையும் கூட்டிக்கொண்டு புளியங்கூடலுக்குப் போனா. அந்த யன்னல் கம்பியைத் தடவியபடி கேட்டா: "அண்டைக்கு நீர் இஞ்சதானே நிண்டனீர். உண்மையைச் சொல்லும் பிள்ளை. அவள் கோவமாவோ நிண்டவள்?"

அந்த முகத்தைப் பார்த்து, அது நான்தான் என்று சொல்ல எனக்கு ஏலவில்லை. ஆனால் பொய்யும் சொல்லவில்லை.

"இல்லை மாமி. நல்லாப் பயந்துபோய் நிண்டவ."

மாமி அழுகைக்குள் சிரித்துவிட்டா. "ஓம் ஓம். அவள் சின்னனிலயிருந்தே பயந்தாங்கொள்ளி."

இப்போது டென்மார்க்கில் அவர்கள் வீட்டுக் கூடத்தில் அந்தப் படம் பெரிதாகச் சட்டம் போட்டுத் தொங்குகிறது. எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையவில்லையாம், பெரிய சென்சர்தானே. மாமி தன் கையால் மாலை போட்டு, வெள்ளிக்கிழமைகளில் விளக்கேற்றுகிறா. பெரியம்மாவின் திவசத்தன்று ஏழு கறியும் வடையும் பாயசமுமாகப் படையல் நடக்கும். படைத்து முடிந்ததும், மாமி குசினிக்குள் போகும் நேரம் பார்த்து, துஷி தன் சின்னக் கமராவால் வாழையிலையைப் படமெடுத்து எனக்கு அனுப்புவாள். இந்த வருடமும் அனுப்பினாள்.

"அக்கா, உங்களுக்குப் படைச்சாச்சு. எப்பிடி இருக்கு?"

"கத்தரிக்காய்க்கு உப்புக் காணாது" என்று பதில் போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தது: "ஓம், மாமியும் இப்ப அதைத்தான் சொன்னவ. நீங்கள் எப்பிடி அங்கயிருந்து கண்டுபிடிச்சனீங்கள்?"