ஓய்வில் இருக்கும் டாக்டர்

தொடர்ந்து இருபத்துநான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால் அறுவை சிகிச்சைப் பிரிவின் பயிற்சி மருத்துவருக்குக் களைப்பு ஏற்படக்கூடும் என்று மேலிடம் கண்டுபிடித்தது. கண்டுபிடிக்க ஒரு குழுவும் மூன்று ஆண்டுகளும் தேவைப்பட்டன. குழு தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் கூடியது என்பதால், களைப்பு பற்றி அதன் உறுப்பினர்களுக்கு நேரடி அனுபவம் இருந்தது.

ஆகவே உத்தரவு வந்தது. இருபத்துநான்கு மணி நேர டூட்டி முடித்த மருத்துவர் அடுத்த பன்னிரண்டு மணி நேரம் கட்டாய ஓய்வில் இருக்க வேண்டும். அதற்கென்று ஓய்வுப் பதிவேடு வைக்க வேண்டும். ஓய்வு நேரத்தில் வேலை செய்து பிடிபட்டால் பயிற்சிக் காலம் ஆறு மாதம் நீட்டிக்கப்படும். களைத்துப் போன குற்றத்துக்கு இன்னும் ஆறு மாதக் களைப்பைத் தண்டனையாக யோசித்தவர் லேசுப்பட்ட ஆளாக இருக்க முடியாது.

எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் நான்கு பயிற்சி மருத்துவர்கள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். அதில் ஒருவரை, ஓய்வின் அவசியம் பற்றிய இரண்டு மாத வகுப்புக்கு அனுப்பிவிட்டார்கள். பெரிய டாக்டர் என்று ஒருவர் உண்டு. அவர் கூட்டங்களில் இருப்பார். மிச்சம் ஒரே ஒருத்தி. எல்லோரும் அவளைச் சின்ன டாக்டர் என்றார்கள்.

உத்தரவைப் படித்ததும் அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தூங்கலாம். வீட்டில் அவள் அம்மா, யாரும் படுக்காத கட்டில் விரிப்பை வாரா வாரம் துவைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். இனி அதைக் கொஞ்சம் கசக்கலாம் என்று பையைத் தூக்கிக்கொண்டு கண்காணிப்பாளரிடம் சொல்லப் போனாள்.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உத்தரவை மறுபடி படித்தார்.

"ரெஸ்ட் எடுக்கணும்னு இருக்கும்மா. எங்க எடுக்கணும்னு இல்லையே. வார்டுலயே எடுங்க."

அன்றிலிருந்து ஒழுங்குமுறை பிறந்தது. டூட்டி முடிகிற ஒவ்வொரு காலையும் எட்டு மணிக்குச் சின்ன டாக்டர் ஓய்வுப் பதிவேட்டில் கையெழுத்திடுவாள். முன்வாசல் வழியாக வெளியே போவாள். கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு அழுக்குத்துணி எடுத்துப்போகும் பின்வாசல் வழியாக உள்ளே வருவாள். 'ஓய்வில் இருக்கிறார்' என்று எழுதிய பச்சை பேட்ஜைக் கோட்டில் குத்திக்கொள்வாள். பிறகு வேலை. "டாக்டர் ரெஸ்ட்ல இருக்காங்க, சீக்கிரம் காலைக் காட்டுங்க" என்று நர்ஸ் நோயாளிகளை அதட்டுவாள். நோயாளிகளும் பழகிவிட்டார்கள்.

இப்படி ஆறு வாரம் ஓடியது. அப்போதுதான் ஓய்வு ஆய்வாளர் வந்தார். ஐம்பது வயது, நேர்மையானவர், நாற்காலியைத் தூசி தட்டிவிட்டு உட்காருபவர். காலை எட்டரைக்குப் பதிவேட்டைத் திறந்து, ஒரு முறைகூட விடாமல் மருத்துவர் ஓய்வெடுத்திருப்பதைக் கண்டு மனம் குளிர்ந்தார். ஒன்பதே காலுக்கு, இருபத்தெட்டாம் பக்கத்தில், வலது அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு மேஜைமேல் சாய்ந்தார்.

அந்தப் பக்கமாகப் போன சின்ன டாக்டர் ஓடிவந்து வயிற்றை அழுத்திப் பார்த்தாள். குடல்வால் வீங்கியிருக்கிறது, உடைந்தால் உயிருக்கு ஆபத்து, இப்போதே எடுக்க வேண்டும் என்றாள். ஆய்வாளர் அவளுடைய பேட்ஜைப் பார்த்தார்.

"நீங்க ரெஸ்ட்ல இருக்கீங்களேம்மா."

"ஆமா சார்."

"அப்ப டூட்டில யாரு?"

"யாரும் இல்ல சார்."

ஆய்வாளர் விதிகளை யோசித்தார். வலி அவரைவிட வேகமாக யோசித்தது.

"சரி, ரெஸ்ட்லயே எடுத்துடுங்க."

எடுத்தாள். இருபத்தாறாவது மணி நேரத்தில், சுத்தமாக. மூன்றாம் நாள் ஆய்வாளர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, நடந்ததை நடந்தபடியே எழுதப்போவதாகவும், இன்னும் மூன்று டாக்டர்களை வரவழைத்தே தீருவதாகவும் அவளிடம் சொன்னார். அவள் அன்று நாளெல்லாம் சிரித்த முகமாக இருந்தாள். அம்மாவுக்கும் போன் செய்து சொல்லிவிட்டாள்.

மாலையில் கண்காணிப்பாளர் வந்து, மரியாதையாக விதிப்புத்தகத்தைப் பிரித்து நீட்டினார். உண்மையை எழுதினால் அந்தப் பெண்ணுக்கு ஆறு மாதம். ஓய்வில் இருப்பவரைத் தெரிந்தே வேலை வாங்கியவர் மீது துறை நடவடிக்கை. ஆய்வாளர் முதல் விதிக்காக வருந்தினார். இரண்டாவது விதியை இரண்டு தடவை படித்தார். பிறகு, 'மேற்படி நாளில் மேற்படி நேரத்தில் மருத்துவர் முழு ஓய்வில் இருந்ததை நேரில் கண்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மயக்க மருந்தில் கிடந்தவர் எப்படி நேரில் கண்டார் என்று யாரும் கேட்கவில்லை.

அவருடைய மருத்துவ விடுப்பு விண்ணப்பத்துக்கு அவருடைய அலுவலகமே பதில் அனுப்பியது. 'தங்கள் அறிக்கையின்படி அந்நேரத்தில் அறுவை சிகிச்சை செய்ய மருத்துவர் எவரும் பணியில் இல்லை. எனவே தங்களுக்கு அறுவை சிகிச்சை நடைபெறவில்லை. உடனே பணிக்குத் திரும்பவும்.' ஆய்வாளர் போய் மேலதிகாரியின் முன்னால் சட்டையைத் தூக்கிக் காட்டினார். மேலதிகாரி அக்கறையோடு குனிந்து பார்த்தார்.

"தையல் நல்லாத்தான் போட்டிருக்காங்க. ஆனா போட்டது யாருன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

அவர் வேலைக்குத் திரும்பிப் பதிவேட்டுக் கட்டுகளை மூன்றாவது மாடிக்குத் தூக்கிய இரண்டாம் நாள் தையல் விட்டுவிட்டது.

காலை பத்து மணிக்கு, வயிற்றில் துண்டைச் சுற்றிக்கொண்டு அவர் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். திறந்த கதவுக்கு வெளியே நாற்பது பேர் வரிசையில் நின்றோம். உள்ளே, பச்சை பேட்ஜோடு சின்ன டாக்டர் ஒரு கிழவரின் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். முடிச்சுப் போடும்போதே அவளுக்குக் கண் சொருகியது. ஆய்வாளர் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் கண் கலங்கியது பொய்யில்லை, நான் பார்த்தேன்.

"தப்புப் பண்ணிட்டேம்மா. உங்க உசிரையும் சேர்த்து எழுதிக் குடுத்துட்டேன்."

அங்கேயே ஒரு தாளை வாங்கி, நின்றபடியே எல்லா உண்மையையும் எழுதினார். குற்றம் முழுக்கத் தன்னுடையது, டாக்டருக்குத் தண்டனை கூடாது, இவரை இந்த நிமிடமே வீட்டுக்கு அனுப்ப வேண்டும். எழுதியதை எங்களுக்குக் கேட்கும்படி உரக்கப் படித்தார். கண்காணிப்பாளர் விதிப்புத்தகத்தை மூடி வைத்தார். வரிசையில் சிலர் கை தட்டினார்கள். 'பாவம், அந்தப் பொண்ணை முதல்ல தூங்க விடுங்கய்யா' என்று எல்லோரும் சொன்னோம். நானும் சொன்னேன்.

சின்ன டாக்டர் பேட்ஜைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். பையை எடுத்துக்கொண்டாள். ஆய்வாளர் துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அருகே வந்தார்.

"போறதுக்கு முன்னாடி இந்தத் தையலை மட்டும் பார்த்துடுங்கம்மா."

அவருக்குப் பின்னால் நின்றவர் கையை நீட்டினார். "அப்படியே எனக்கும்."

வரிசையை விட்டு ஒருவரும் நகரவில்லை. அவள் எங்களை ஒரு தடவை பார்த்தாள். பையைக் கீழே வைத்துவிட்டு, பேட்ஜை எடுத்து மறுபடி குத்திக்கொண்டாள்.

வரிசையில் நான் பதினேழாவது ஆள். முதுகில் ஒரு கட்டி. வலியெல்லாம் இல்லை, மூன்று மாதமாக அப்படியேதான் இருக்கிறது.