காளியம்மாள் பேரில் கொடுத்த ரத்தம்

தெற்குத் தெரு,
வலங்கைமான் தாலுகா.

என் அருமை மருமகள் மோகனப்பிரியாவுக்கு, ஏழு வாய்க்காலும் நாற்பது வரப்பும் ஆளும் உன் தாய்மாமன் இராஜாங்கம் வெட்கத்தோடு எழுதிக்கொள்வது. இங்கு நாற்றங்கால் நலம், எருமை நலம். அத்தையும் நலம் என்று எழுதத்தான் பேனா மறுக்கிறது. போனில் சொன்னால் அவள் காதில் விழும் என்பதால் இந்தக் கடிதம். நீ தஞ்சாவூரில் நர்ஸ், ரகசியம் காப்பவள். படித்ததும் கிழித்துவிடு.

திருக்கடையூரில் என் அறுபதாம் கல்யாணத்தன்று, கையில் தாலியோடு மணையில் உட்கார்ந்தபடியே நான் தூங்கிப்போனது மூவுலகும் அறிந்த செய்தி. அன்றைக்கே நீ, "மாமா, முகம் வீங்கியிருக்கு, குரல் கம்மியிருக்கு, தைராய்டு பாருங்க"ன்னு சொன்னே. நான் முந்நூறு பேர் முன்னால், "அது பொம்பளைங்க வியாதி, இந்த மீசைக்கு வராது"ன்னு முழங்கினேன். அதற்கப்புறம் கேள். ஆனி வெயிலில் ஊரே விசிறிக்கொள்ள, நான் கம்பளிக்குள். கல்லணையில் திறந்த தண்ணீர் என்னைத் தாண்டிக் கடலுக்கே போயாச்சு, நான் இன்னும் மடைக்குப் போய்ச் சேரல.

பயந்துட்டேம்மா. போன வாரம் நம்ம ஸ்கூல்ல பொம்பளைங்களுக்கு மட்டும் இலவச தைராய்டு ரத்தப் பரிசோதனை முகாம் போட்டாங்க. அத்தை நாத்துப் பறிக்கப் போயிருந்தா, காளியம்மாள்னு அவ பேர் போட்ட டோக்கன் சாமி மாடத்துல கிடந்துச்சு. எடுத்துக்கிட்டு, கம்பளியை முக்காடா இழுத்துப் போட்டுக்கிட்டு, திரைக்கு இந்தப் பக்கமிருந்து கையை மட்டும் நீட்டினேன். ரத்தம் எடுக்கிற சபிஹா, "கையில என்னம்மா இவ்ளோ முடி?"ங்குது. "தைராய்டும்மா"ன்னேன். "குரல் ஏன் ஆம்பளை மாதிரி இருக்கு?" "அதுவும் அதாம்மா."

ரிப்போர்ட் வந்துச்சு: காளியம்மாள், பெண், டி.எஸ்.எச். நாற்பத்தெட்டு. நாலஞ்சுக்குள்ள இருக்கணுமாமே? நான் ஒளிக்கிறதுக்குள்ள அத்தை படிச்சிட்டா. தனியா டாக்டரைப் பார்க்கப் போயி மாத்திரையோட வந்தா. நாலு நாளா விடிகாலையில வெறும் வயித்துல முழுங்கிட்டு, ஒரு மணி நேரம் காபி குடிக்காம உட்கார்ந்திருக்கா. எனக்கு மட்டும் ஆத்திக் கொடுக்கிறா. டம்ளரை வாங்கக் கை கூசுது. நேத்து, "நெஞ்சு படபடங்குதுங்க. நான் போயிட்டா அந்தக் கம்பளியைத் துவைக்க ஆள் இருக்காது"ங்கிறா. என் வியாதிக்கு அவ மாத்திரை சாப்பிடுறா, மோகனா. அறுபது வருஷமா பொய்யாலேயே குதிர் நிரப்பினவன், ஒரு உண்மையைச் சொல்ல நாக்கு எழும்பாம கிடக்கேன். நீயே அவகிட்ட சொல்லி மாத்திரையை நிறுத்து, தாயி. அப்புறமா என்னையும் பாரு.

உன் வீட்டில் நெல்லும் சிரிப்பும் குறையாதிருக்க வாழ்த்தும்,
உன் மாமன்
இராஜா

பின்குறிப்பு: மோகனா, அத்தை எழுதுறேன். கையெழுத்துப் போடும்போதே தூங்கிட்டாரு. சபிஹா அன்னிக்கே போன் பண்ணி, "அக்கா, மீசை வச்ச காளியம்மா ஒருத்தங்க ரத்தம் குடுத்துட்டுப் போறாங்க"ன்னு சொல்லிடுச்சு. நான் முழுங்கினது நீ வாங்கிக் குடுத்த கால்சியம் மாத்திரை. படபடப்பும் சும்மாதான். தானா வாயைத் திறப்பாருன்னு பார்த்தேன். இதுக்கு மேல காபி இல்லாம என்னாலயும் முடியாது. இதைப் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்புறேன். காலையில முதல் பஸ்ல கூட்டிட்டு வர்றேன், டாக்டர்கிட்ட சொல்லி வை. சீட்டுல இராஜாங்கம், ஆண்ணு பெருசா எழுதச் சொல்லு.