ஈசல்களுக்கு ஓர் அறிவிப்பு

ஒரு காட்டில், அதுவும் பத்திரப்பதிவு அலுவலகம் உள்ள காட்டில், ஒரு கரடி இருந்தது. ஆயுள் முழுக்க ஈசல் தின்று கொழுத்த அதற்குச் சாகும் தறுவாயில் மனசு உறுத்தியது. தன் குகைக்குப் பக்கத்துப் புற்றை ஈசல்களுக்கே அறக்கட்டளையாக எழுதிவைத்தது. முதல் மழையன்று புற்று வாசலில் யாரும் ஈசல் தின்னக் கூடாது. அறங்காவலர், ஏகாம்பரம் என்ற ஆமை.

ஏகாம்பரம் நேர்மையானவர். இருபது மழைக்காலம் அந்த வாசலை விட்டு நகரவில்லை. நகர்ந்திருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது.

அந்த வருஷம் சட்டத்தைத் திருத்தினார்கள். முன்பெல்லாம் அறங்காவலரை மாற்ற நீதிமன்றம் போக வேண்டும். இனி வேண்டாம். பயனாளிகளுக்கு அறிவிப்பு வைத்து, விடிவதற்குள் ஆட்சேபணை வராவிட்டால், மனு போட்டவரே அறங்காவலர்.

முதல் மனு தவளை தண்டபாணியுடையது.

ஏகாம்பரம் அதைக் கேள்விப்பட்டார். உடனே அலுவலகத்துக்குப் புறப்பட்டு, மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தார். எழுத்தர் கொக்கு ஒற்றைக் காலில் நின்று கோப்பு புரட்டிக்கொண்டிருந்தது.

“ஐயா, தவளைக்குச் சாப்பாடே ஈசல்தான்.”

“மனுவில் அதைக் கேட்கிற கட்டமே இல்லையே, பெரியவரே.”

“அறிவிப்பை எங்கே ஒட்டுவீர்கள்?”

“புற்றுக்குப் பத்தடி எதிரே, பலகையில்.”

“அவர்கள் வெளியே வருவதே இருட்டின பிறகு. படிக்க முடியாத அறிவிப்பு செல்லாது. பலகைக்கு மேல் விளக்கு வேண்டும். நல்ல வெளிச்சமாக.”

மூலையில் இருந்த தண்டபாணி தொண்டையைச் செருமினான். “அண்ணன் சொல்வது நியாயம். விளக்கு என் செலவு.”

இவ்வளவு சுலபமாக ஜெயித்தது ஏகாம்பரத்துக்கே ஆச்சரியம்.

முதல் மழை பெய்தது. பொழுது சாய்ந்ததும் விளக்கு எரிந்தது. ஈசல்கள் ஆயிரக்கணக்கில் கிளம்பி, ஒன்று பாக்கியில்லாமல் பலகைக்குப் போயின. இத்தனை பொறுப்பான பயனாளிகளா என்று ஏகாம்பரம் பூரித்துப்போனார். அப்புறம்தான் பலகைக்குக் கீழே வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்த தண்டபாணியைப் பார்த்தார். பதறிக்கொண்டு ஓடினார். பத்தடி கடப்பதற்குள் விடிந்துவிட்டது.

“முதல் மழையன்று தின்னக் கூடாதென்று கரடி எழுதியிருக்கிறதே, தண்டபாணி.”

“புற்று வாசலில்தானே, அண்ணே? இது பலகை வாசல்.”

கொக்கு வந்தது. சிறகுக் குவியலைக் காலால் ஒதுக்கிவிட்டு எழுதியது: ‘பயனாளிகள் அனைவரும் நேரில் வந்து அறிவிப்பைப் பார்வையிட்டனர். ஆட்சேபணை எதுவும் இல்லை.’

ஏகாம்பரம் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

நீதி: வெளிப்படையான நிர்வாகத்துக்கு நல்ல வெளிச்சம் தேவை. விளக்கு யார் செலவு என்று கேட்பது அநாகரிகம்.