போன் அடித்தால் பத்து

“ஈரத் துண்டை நாற்காலி மேல போடாதீங்கன்னு எத்தனை தடவை...”

பேசிக்கொண்டிருந்த மாமியார் பாதியில் நின்றுவிட்டார். தூக்கிய கரண்டி தூக்கியபடியே இருந்தது. பார்வை சுவர்க் கடிகாரத்தில் குத்திட்டு நின்றது. இமைகூட அசையவில்லை.

மாமனார் பதறி எழுந்தார். “ஏய், என்னாச்சு உனக்கு?”

பத்து நொடி கழித்து, “...சொல்றது? தட்டை நகர்த்துங்க,” என்று மாமியார் எதுவுமே நடக்காதது போலப் பரிமாறினார்.

மாமனாரின் முகம் வெளுத்துப்போனது. “பார்த்தியாம்மா? நேத்தும் இப்படித்தான்.”

மருமகள் பார்த்தாள். அவளுக்குக் காரணமும் தெரியும். சொல்லத்தான் முடியாது.

அவள் மருத்துவமனையின் பெண்கள் பிரிவில் பிசியோதெரபிஸ்ட். இடுப்புத்தளத் தசை தளர்ந்து, இருமினாலோ தும்மினாலோ சிறுநீர் கசியும் பெண்களுக்குப் பயிற்சி சொல்லித் தருகிறாள். தசையை உள்ளிழுத்து இறுக்கி, பத்து எண்ணி, விட வேண்டும். ‘நீங்கள் செய்வது பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது’ என்று நோயாளிகளுக்கான தாளில் அவளே எழுதியிருந்தாள். மாமியாரைப் பார்த்த பிறகு அந்த வரியை அடித்துவிடலாமா என்று யோசித்தாள்.

மூன்று வருடமாகச் சிரிக்கவே பயந்துகொண்டிருந்த மாமியார் போன மாதம்தான் வாயைத் திறந்தார். சொந்தக்காரர் என்பதால் மூத்த நர்ஸ்தான் பரிசோதித்தார். பயிற்சி ஒழுங்காக நடக்கிறதா என்று வீட்டில் கவனிப்பது மட்டும் மருமகளின் பொறுப்பு.

“உங்க மாமாவுக்குத் தெரிஞ்சுது, அன்னிக்கே நிறுத்திடுவேன். சத்தியம் பண்ணு,” என்றார் மாமியார். பண்ணினாள்.

இப்போது மாமனாரிடம், “அத்தை ஏதோ யோசிச்சிருப்பாங்க மாமா,” என்றாள்.

“நாப்பது வருஷத்துல இவ யோசிச்சுப் பேசி நான் பார்த்ததே இல்லையேம்மா!”

சமையலறையில் மருமகள் குரலைத் தாழ்த்தினாள். “பேசும்போது பண்ணாதீங்க அத்தை.”

“ஞாபகம் வரும்போதெல்லாம் பண்ணச் சொன்னது நீதானே? எனக்குப் பேசும்போதுதான் ஞாபகம் வருது.”

அதற்கும் தாளில் வழி இருந்தது. நான்காவது குறிப்பு: ‘பயிற்சியை ஒரு சத்தத்தோடு சேர்த்துக்கொள்ளவும். உதாரணம், தொலைபேசி மணி.’ அது அவளே யோசித்து எழுதிய குறிப்பு. புராஸ்டேட் சுரப்பி ஆபரேஷனுக்குப் பிறகு இதே தொல்லை வரும் ஆண்களைக் கவனிக்கும் எதிர் அறைக்காரர்கூட அதை அப்படியே வாங்கி நீலத் தாளில் அச்சடித்துக்கொண்டார். அவளுக்குக் கொஞ்சம் பெருமைதான்.

“இனிமே போன் அடிச்சா மட்டும் பண்ணுங்க.”

மறுநாள் காலை ஹாலில் போன் அடித்தது. மாமியார் துடைத்துக்கொண்டிருந்த தட்டோடு சிலையானார். மணி விடாமல் அடித்தது. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த மாமனாரும் எடுக்கவில்லை. கடைசியில் மகன் முகமெல்லாம் சோப்பு நுரையோடு ஓடிவந்து எடுத்தான்.

“ஏம்ப்பா, கைக்கெட்டுற தூரத்துல உட்கார்ந்துட்டு எடுக்கக் கூடாதா?”

“உங்கம்மா முகத்தைப் பாரு. எனக்குக் கையே எழலைடா.”

மகன் மனைவியைத் தனியாக இழுத்துப் போனான். “யாரோ போன்ல அம்மாவை மிரட்டுறாங்க. அடிச்சாலே உறைஞ்சு போறாங்க.”

அவள் வாயைத் திறப்பதற்குள் போன் ஒயரைப் பிடுங்கிவிட்டான்.

சாயங்காலம் பக்கத்து வீட்டம்மா வாசலிலேயே மகனைப் பிடித்துக்கொண்டார். “தம்பி, உங்கம்மா என்னை அவங்க செல்லுக்கு ஒரு நாளைக்கு முப்பது தடவை போன் பண்ணச் சொல்றாங்க. ஆனா எடுக்க மாட்டாங்களாம். எதுக்குன்னு கேட்டா, உடம்புக்கு நல்லதுங்கறாங்க.”

மகன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். இரவுச் சாப்பாட்டுக்குள் நரம்பு டாக்டரிடம் நேரம் வாங்கியாகிவிட்டது. காலை பத்து மணிக்கு. தலைக்கு ஸ்கேனும் எடுக்க வேண்டியிருக்குமாம்.

மருமகள் சமையலறைக்கு ஓடினாள். “அத்தை, சொல்லிடட்டுமா? தலையை ஸ்கேன் எடுக்கப் போறாங்க!”

“எடுக்கட்டும். என் தலையில ஒண்ணும் இல்லன்னு உங்க மாமா கல்யாணமான நாள்லேர்ந்து சொல்றாரு. எழுத்துல வாங்கிக்கட்டும்.”

“விளையாடாதீங்க!”

“இப்பத்தான் தும்மினா பயமில்லாம இருக்கு. நீ சொன்னேன்னா, எல்லாத்தையும் இதோட விட்டுடுவேன்.”

காலையில் மாமனாரும் கூடவே கிளம்பினார். மூன்று மாதத்துக்கு முன்னால் ‘வெறும் ஹெர்னியா ஆபரேஷன்’ என்று சொல்லி, துணைக்கு யாரும் வரக்கூடாது என்று அடம்பிடித்த மனிதர். டாக்டர் அறைக்கு வெளியே வரிசையில் நிற்கும்போது மருமகளின் காதருகே குனிந்தார்.

“மொதல்ல உங்க அத்தை என்னைக் கேலி பண்றாளோன்னுதான் நினைச்சேன்.”

“கேலியா? எதுக்கு மாமா?”

அவர் சட்டென்று சுவரில் இருந்த அறிவிப்புப் பலகையைப் படிக்க ஆரம்பித்தார்.

டோக்கன் மேசையில் இருந்த நர்ஸ், மாமியாரின் பெயரை எழுதிக்கொண்டே கேட்டார். “என்ன தொந்தரவு?”

“அப்பப்போ உறைஞ்சு போறாங்க சிஸ்டர். பேச்சு மூச்சு இல்ல,” என்றான் மகன். அவன் குரல் உடைந்தது.

அந்தக் குரலைக் கேட்டதும் மருமகள் முடிவு செய்துவிட்டாள். சத்தியமாவது ஒன்றாவது. “ஏங்க, இது வியாதியே இல்ல. நான் சொல்றதை...”

மேசை மேலிருந்த போன் அடித்தது.

மாமியார் நின்ற இடத்திலேயே உறைந்தார். “இதோ! இதுதான் சிஸ்டர்!” என்று மகன் அலறினான்.

போனை எடுக்க நீண்ட நர்ஸின் கை பாதியில் நின்றது. மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்த அவர் பார்வை மாமியாரைத் தாண்டிப் பின்னால் போனது.

“அம்மாவுக்கு மட்டும் டோக்கன் கேக்குறீங்க, பெரியவரும் அதே மாதிரிதானே நிக்கிறாரு... உதடு மட்டும் ஏழு, எட்டுன்னு அசையுது!”